ஹீட்டர் போடாத கார்

டிசம்பர் பதினொன்று. வடமேற்குக் காற்று
இரவு முழுக்க விரிகுடாவைக் கரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தது.
வெல்ஃப்லீட் மணலில், ஓதம் வற்றிப்போன கோட்டில்
ஹாலிஸின் டார்ச் ஒளியில் அகப்பட்டது
சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு கறுப்பு.
கல் என்று நினைத்துக் காலால் தொட்டான்.
கல்லுக்கு இமை இருந்தது.

தண்ணீரில் திரும்ப விடக்கூடாது.
இந்த ஊரில் அது கருணை ஆகாது.
அலை எட்டாத மேட்டுக்குத் தூக்கிப் போய்
காய்ந்த கடற்புல்லை அள்ளி மூடி
பக்கத்தில் ஒரு கட்டையை நட்டான்.
கையுறையைப் பல்லால் கழற்றி
போன் செய்தான்.

காலை ஐந்தரைக்கு மெரிடித் அவெலார் வந்தாள்.
மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
இன்று ஞாயிறு.
பின்சீட்டை மடக்கி ஒன்பது வாழைப்பழப் பெட்டிகள்.
பெட்டியின் பக்கவாட்டில் ஏதோ ஒரு வெயில் தேசத்தின் பெயர்,
சிரிக்கும் ஒரு கிளி.
உள்ளே பழைய துண்டு,
துண்டின்மேல் குளிரில் விறைத்த சிற்றாமை.
முதுகில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் எண்.

நூற்றுப்பன்னிரண்டுக்கு
இடப்பக்க ஓடு பிளந்திருந்தது.
பிளவில் மணல், மணலுக்குள் ஒரு குட்டிச் சிப்பி,
அது மட்டும் உயிரோடு.
"இது போயிடுச்சு போல" என்றாள்.
"சூடாகிற வரைக்கும் எதுவும் போனதாகக் கணக்கில்லை"
என்றான் ஹாலிஸ், ரசீது எழுதுகிறவன் மாதிரி.

தொண்ணூறு மைல்.
ஹீட்டர் போடக்கூடாது.
சட்டென்று சூடுபட்டால்
ரத்தம் விழிப்பதற்குள் இதயம் நின்றுவிடும்.
ஒரு நாளைக்கு மூன்று டிகிரி, அவ்வளவுதான் தாங்கும்.
ஆகவே மெரிடித்
இரண்டு கோட்டு, மகனின் பனிச்சறுக்குத் தொப்பி,
மடியில் ஆறிப்போன காப்பி.
அவள் மூச்சே கண்ணாடியில் படிந்து
வழியை மறைத்தது.
துடைத்தாள். ஓட்டினாள். துடைத்தாள்.

பாலத்தில் போலீஸ்காரர் நிறுத்தினார்.
"என்னம்மா, ஹீட்டர் ரிப்பேரா?"
"இல்லை. ஆமை."
அவர் குனிந்து பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
வேகத்துக்கான அபராதச் சீட்டை
எழுதத்தான் செய்தார்.

பிளிமத் தாண்டியபோது
பின்னால் ஒரு சுரண்டல்.
அட்டையில் நகம் படும் ஓசை.
அல்லது பெட்டிகள் ஒன்றோடொன்று உரசிய சத்தம்.
ரேடியோவை அணைத்தாள்.
பிறகு ஒன்றுமில்லை.
இருபது மைலுக்குக் காது மட்டும் பின்சீட்டில் இருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் லின்னேயா
நெஞ்சோடு ஒரு கருவியை வைத்து
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
ஐம்பது விநாடி. ஐம்பத்தைந்து.
யாரும் பேசவில்லை.
ஊறிய பலகையை யாரோ தட்டியது போல
ஒரே ஒரு தட்டு.
"இருக்கு" என்றாள்.
அடுத்த தட்டுக்கு எல்லோரும்
இன்னொரு நிமிடம் காத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை மெரிடித்துக்குத் தெரியாது.
நுரையீரலில் சளி, இருபது நாள் ஊசி,
பிளவை இழுத்துப் பிடித்த பசை,
கணவாய்த் துண்டை மூன்று வாரம் ஒதுக்கிவிட்டு
ஒரு செவ்வாய்க்கிழமை
லின்னேயாவின் விரலோடு சேர்த்துக் கவ்வியது,
விரலில் கட்டோடு அவள் நடைபாதையெல்லாம்
சொல்லிக்கொண்டு திரிந்தது.

ஒன்பதில் ஆறு பிழைத்தன என்று
மார்ச்சில் ஒரு கடிதம்.
எண்கள் போடவில்லை.
கேட்டு எழுத நினைத்தாள்.
ஆறில் அது இல்லை என்றால் என்ன செய்வது
என்று எழுதவில்லை.

ஆகஸ்ட்டில் தெற்குக் கரையில் கூட்டம்.
வயிற்றைத் தட்டி அழும் குழந்தை, ஐஸ்கிரீம் வண்டி,
கயிறு கட்டிய பாதை.
மணலில் இறக்கிவிட்டதும் ஒன்று
கடலுக்கு எதிர்த்திசையில் நடந்தது.
சிரிப்பு. திருப்பி வைத்தார்கள்.
திரும்பும்போது இடப்பக்கம்
வெளுத்த ஒரு தழும்பு.

அதுதானா?
ஈரமணலில் நாலு துடுப்பு கோடிழுத்துப் போனது.
முதல் அலை அதைத் தூக்கியது,
இரண்டாவது அலை கோட்டை அழித்தது.

மெரிடித் காருக்குத் திரும்பினாள்.
உள்ளே அடுப்பாய்க் கொதித்தது.
ஜன்னலைத் திறக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.